தெருவைப் பார்த்த பெட்டிகள்

என் வீட்டுப் பால்கனியில் நின்றால் பக்கத்து வீட்டுக் கூடம் கண்ணாடி வழியாக அப்படியே தெரியும். ஜெர்மனியில் திரைச்சீலை போடாத வீடுகள் நிறைய. அந்தக் கூடத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சாயங்காலமானால் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். டீவி கிடையாது, கையில் போன் கிடையாது, பேச ஆளும் கிடையாது. எதிரே சுவரை ஒட்டி இரண்டு மரப்பெட்டிகள் மட்டும். சில நாள் கண்ணை மூடியிருப்பாள், சில நாள் தலையை ஆட்டுவாள். நான் துணி காயப்போடும் சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன், ஒரு சத்தமும் வராது. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நர்ஸுக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத்தானே தெரியும்? பாவம், தனிமை முற்றிப்போய் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

தென்காசிக்காரி சும்மா இருப்பாளா? ஒரு நாள் போய் மணியை அடித்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ட்ஸூ லௌட்?" என்றாள். சத்தம் அதிகமா என்று அர்த்தம். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஓடி எதையோ திருகிவிட்டு வந்து, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்கிறாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. புரிந்ததும் சிரித்தாள் பாருங்கள், அப்படிச் சிரித்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அடேயப்பா! உட்கார்ந்த இடத்தில் ஒரு முழுக் கச்சேரியே இருந்தது. பாஸ் என்கிறார்களே, அந்த அடிச்சத்தம் நெஞ்சுக்குள் மெத்தென்று வந்து உட்கார்ந்தது. எழுந்து கதவுப் பக்கம் போனால் ஒன்றுமில்லை.

அவள் பெயர் பிர்கிட். டிராம் ஓட்டுகிறாள். விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர்களும், ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் இங்கே ரூஹெட்சைட் என்று ஒன்று உண்டு. அமைதி காக்கவேண்டிய நேரம். அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி அம்மி அரைக்க முடியாது, மிக்சி போட முடியாது, பாட்டும் போட முடியாது. அதற்காகப் பாட்டை விட்டுவிட முடியுமா என்று பிர்கிட் கண்டுபிடித்த வழிதான் அந்த நாற்காலி. சத்தத்தைக் குறைத்தால் நம் காது முதலில் அடிச்சத்தத்தைத்தான் கைவிடுமாம். பாடுகிறவரின் குரல் மட்டும் எலும்பும் தோலுமாய் நிற்கும். அதனால் அடிச்சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட வேண்டும், பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைத்தால் அந்த அடி இன்னும் கனக்கும், பெட்டி காது உயரத்தில் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும், நாமும் கிட்டே போய் உட்கார வேண்டும், சுற்றியிருக்கும் இரைச்சலை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். ஆனால் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு மனதுக்குள் ஒரே சிரிப்பு. ஏனென்றால் நான் யார் மகள் என்று அவளுக்குத் தெரியாது.

என் அப்பா குற்றாலத்துக்கு சீசன் வேன் ஓட்டினவர். சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி ரயில் நிலையத்துக்கும் ஐந்தருவிக்குமாக நாள் முழுக்கப் போய் வருவார். வேன் வருவதற்கு முன்னால் வேனின் பாட்டு வரவேண்டும் என்பது அவர் கொள்கை. அருவி இரைச்சல், மழை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆள் பிடிக்கிற கூச்சல், இத்தனையையும் அடக்கிவிட்டு அப்பாவின் பாட்டு கேட்கும். சின்ன வயதில் எஞ்சின் மேட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தால் சோறு சாப்பிடும்போதும் எனக்குக் காதில் ரீங்காரம் அடங்காது. வயதாகி வேனை விற்றபோதும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டிகளையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். அந்த ஆம்ப்ளிஃபயர் கடையநல்லூர் சாகுல் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பெட்டிகள் இரண்டையும் வீட்டு முகப்பில், கூரைக்குக் கீழே, இரும்புக் கொக்கியில் தொங்கவிட்டார். தெருவைப் பார்த்து. எங்கள் தெருவில் பாட்டுப் பெட்டி உள்ள எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாட்டு ஊருக்கு. கிறிஸ்துமஸ் என்றாலும் கோயில் கொடை என்றாலும் பெண் சமைந்தாலும் தெருவுக்குத் தெரியவேண்டும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெட்டியின் முதுகுதான். அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததேயில்லை.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது உள்காதில் எதையோ கலைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. தலைச்சுற்று நின்றுவிட்டது, ஆனால் சத்தம் தாங்கவில்லை. கரண்டி கீழே விழுந்தால் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் வலி. குக்கர் விசில் கூடாது, தெருவில் ஹாரன் கூடாது. சர்ச்சில் மைக் வைப்பதால் ஆராதனைக்குப் போவதும் நின்றுவிட்டது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறைக் கட்டிலே கதி. திருநெல்வேலியில் காது டாக்டர், பஞ்சு வைத்துக்கொண்டே இருந்தால் காது இன்னும் கூச்சம் பிடித்துப்போகும், முழு அமைதி ஆகாது, மெதுவாக, நிறைவாக எதையாவது தினமும் கேட்டுப் பழகவேண்டும், கீச்சுச் சத்தம் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மெதுவாக, நிறைவாக! எங்கள் வீட்டில் அதற்கு எங்கே போவது?

அப்பா பாட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். பாட்டை மட்டுமா? பேச்சையும். அவர் குரல் வேன் ஓட்டிப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலே அடுத்த நிறுத்தத்துக்குக் கேட்கும். வாயைத் திறந்தால் அம்மா முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, எதிரே சங்கரன் அண்ணாச்சியின் பெட்டிக்கடையிலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டுக்கு வருவார், பூனைபோல் நடந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். போனில் அம்மா என்னிடம் அழுதாள். "உங்கப்பா என் பக்கத்துலயே வர மாட்டேங்காருட்டி. எனக்கென்ன தொத்து வியாதியா?" அப்பாவைக் கேட்டால், "நான் வாயத் தொறந்தா அவளுக்கு வலிக்கு. நான் எங்கன போவேன், சொல்லு" என்றார். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர் ஒரு தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடந்தார்கள். நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பஞ்சாயத்து. சாரல் சீசனைப் பார்த்து லீவு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து போகிறவள் வெறுங்கையோடு போவாளா? உள்ளங்கை அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா கட்டில் ஓரத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, ஒரு கீர்த்தனை போட்டேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, மகள் வாங்கி வந்தது என்பதற்காகக் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு, "ஊசி குத்துத மாரி இருக்குட்டி, அமத்திரு" என்றாள். அப்பா வாசலில் நின்றபடியே, "டப்பாவுக்குள்ள வண்டப் போட்டு அடைச்ச மாரில்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைக்கு நடையைக் கட்டினார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, அந்தச் சின்னப் பெட்டிக்கு அடிச்சத்தமே கிடையாது. மறுநாள் அப்பாவின் பழைய செட்டையே மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். உள்ளறையில் சிங்கிச் சத்தம் மட்டும் அரைகுறையாக வந்தது. பாட்டு எங்கே போனது என்று தேடிக்கொண்டே மீன்காரர் குரல் கேட்டு வாசலுக்கு வந்தேன். பாட்டு தெருவில் இருந்தது! அந்தக் குறைந்த சத்தத்திலும் மீன்காரருக்கு நிறைவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிர்கிட்டின் நாற்காலி ஞாபகம் வந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் அம்மா காலமெல்லாம் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, பெட்டிய எறக்கி உள்ள பாத்து வைப்போம்" என்றேன். அப்பா என்னை ஏதோ பாவம் செய்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் பார்வைக்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலையாகப் பாட்டுப் பெட்டியைக் கொக்கியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். கொக்கி காலியாக இருந்தால் கேத வீடு. யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிடும்.

"வெளிநாட்டுக்குப் போயி புத்தியத் தொலச்சிட்டியா? ரூபி உசுரோட இருக்கும்போது நான் பொட்டிய எறக்க மாட்டேன்" என்றார் அப்பா. ரூபி அம்மாவின் பெயர். தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்துக்கொண்டு சொன்னதுதான். அது உள்ளறை வரைக்கும் போய்விட்டது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தாள். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். "நான் உசுரோட இருக்கும்போதே எறக்கிருங்க" என்றாள். "பெறவு எறக்கினா நான் எங்கன கேக்க?"

அப்பா பின்கட்டுக்குப் போனார். ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பெட்டிக்குப் பின்னால் பல்லி முட்டையும் ஒட்டடையும் குப்பையுமாக இருந்தது. அதையெல்லாம் துடைத்து, உள்ளறையில் அம்மா கட்டிலுக்கு எதிரே இரண்டு முக்காலிகளைச் சுவரை ஒட்டிப் போட்டு, மேலே பெட்டிகளை வைத்தோம். அம்மா உட்கார்ந்தால் அவள் காது உயரத்துக்குச் சரியாக இருந்தது. தரை முழுக்க டைல்ஸ், சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும் என்று ஜமுக்காளத்தை விரித்து, கட்டிலுக்குப் பின்சுவரில் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். மலைக்காற்று ஜில்லென்று வந்துகொண்டிருந்ததால் ஃபேனை நிறுத்த முடிந்தது. சித்திரையில் வந்திருந்தால் இந்த வித்தை நடந்திருக்காது. ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். "ஏட்டி, உள்ள மீன் இருக்கு" என்று அம்மா அந்த நேரத்திலும் பதறினாள். கொஞ்ச நேரம்தான் என்று சமாதானம் சொல்லி, அப்பாவை வயரை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் செருப்புச் சத்தம் நிறையக் கேட்டது.

எட்டிப் பார்த்தால், முற்றம் நிறைய ஆள். சங்கரன் அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு செல்லம்மா அக்காவும் நாலைந்து பெண்களும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. அத்தனை பேர் கண்ணும் காலிக் கொக்கியில். எனக்கு விஷயம் புரிவதற்குள் செல்லம்மா அக்கா, "என் ரூபியே, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரியை எடுத்துவிட்டாள். நல்ல குரல் அக்காவுக்கு. தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாசலுக்கு வருகிறாள். "ஏ செல்லம்மா, மெதுவா அழுட்டி, காது வலிக்கு" என்றாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. செல்லம்மா அக்கா திறந்த வாயை மூடவில்லை. அப்புறம் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள். ஆனால் அம்மா விரலை உதட்டில் வைத்ததும் அத்தனை பேரும் சத்தம் வராமல், குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். செல்லம்மா அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு, அதே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி, அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்ற அப்பாவின் பக்கத்தில் போய், ரகசியம் கேட்பதுபோல், "பெறவு எதுக்கு அண்ணாச்சி பொட்டிய எறக்கினிய? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு" என்றார்.

அப்பா குனிந்து அவர் காதில் சொன்னார். "இவளுக்குக் கேக்கத்தான்." அப்பாவால் ரகசியம் பேச முடியும் என்பது தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

இந்த இரண்டு ஊர்களையும் நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஜெர்மனியில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். தென்காசியில் சத்தம் கேட்காவிட்டால் தெருவே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. எது நல்ல ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். ஜெர்மனியில் காய்ச்சலில் கிடக்கும்போது தென்காசியை நினைத்து ஏங்கியிருக்கிறேன். ராத்திரி வேலை முடித்துவிட்டுத் தூங்கப் போகும்போது ஜெர்மனியைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அன்று இரண்டு ஊரும் சேர்ந்து தேவைப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல, கீச்சுச் சத்தத்தின் குமிழைக் குறைத்து, அடிச்சத்தத்தின் குமிழைக் கூட்டி, மொத்தச் சத்தத்தை ஒரு மயிரிழை மட்டும் திறந்தார். எப்போதும் அந்தக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிப் பழகிய கை. அதற்கு அந்த மயிரிழையில் நிற்கத் தெரியவில்லை. அவர் வேனில் தேய்த்துத் தேய்த்துப் போட்ட ஒரு பழைய பாட்டு வந்தது. முதலில் தபேலாவின் இடதுகை, மெத்து மெத்தென்று. அதன் மேல் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இந்த எடத்துல இப்படி ஒரு அடி இருக்கா? இத்தன வருசமா எனக்குத் தெரியாதே" என்றார். வேனில் அந்த அடியையெல்லாம் எஞ்சின் சாப்பிட்டிருக்கும்.

அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கும், இப்போது சுளிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு. சுளிக்கவில்லை. பல்லவி முடிந்து இசை வந்தபோது இன்னொரு காதின் பஞ்சையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். சரணம் தொடங்கியபோது, "ஏங்க, கொஞ்சம் கூட்டுங்க" என்றாள்.

அப்பாவிடம் எல்லாரும் எப்போதும் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். கூட்டு என்று ஒருவர் கேட்டால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? குமிழில் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "வேண்டாம் ரூபி. இதுவே நெறைய இருக்கு. நாளைக்குக் கூட்டுதேன்" என்றார். நகர்ந்து கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மாவின் கை அவர் தலையில் வந்து இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, ஃபிரிட்ஜைப் போடுகிறேன் என்று அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

நான் கிளம்புவதற்குள் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. குக்கர் விசிலுக்கு அம்மா காதைப் பொத்துவது குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கடைசி வரிசையில் பாதி ஆராதனைக்கு இருந்துவிட்டு வந்தாள். அப்பா கடைக்குப் போவது சர்பத் குடிக்க மட்டும் என்றாகிவிட்டது. புதிதாக யாராவது கொக்கியைப் பார்த்துப் பதறினால் அண்ணாச்சி கடையில் இருந்தபடியே, "அங்கன ஒண்ணுமில்ல, பாட்டு உள்ள போயிருக்கு" என்று விளக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்.

இங்கே திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். முன்பெல்லாம் எப்போது கூப்பிட்டாலும் அப்பாவின் பாட்டு பேச்சுக்குப் பின்னாலிருந்து வந்து என் அறையை நிறைத்துவிடும். என்ன பாட்டு ஓடுகிறது என்பதை வைத்தே அப்பாவின் அன்றைய மனநிலையை இங்கிருந்தே சொல்லிவிடுவேன். இப்போது திரையில் அம்மா கட்டிலில், அப்பா தரையில், பின்னால் இரண்டு பெட்டிகள். சத்தம் ஒன்றுமில்லை. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது அம்மாவின் காது வரைக்கும் போவதற்கான பாட்டு, போன் வரைக்கும் வரவில்லை.

"கேக்குதாட்டி?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கேக்கல."

அப்பா உடனே குமிழுக்குக் கையைக் கொண்டுபோனார். "வேண்டாம்ப்பா! எனக்காகக் கூட்டாதீங்க" என்று கத்திவிட்டேன். இந்தக் கட்டடத்தில் நான் போட்ட பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும். அப்பா கையை எடுத்துக்கொண்டார். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், என்னை மறந்துபோனார்கள் என்றுகூடச் சொல்லலாம். திரையின் ஓரத்தில் அம்மாவின் பாதம் தெரிந்தது. கட்டைவிரல் ஜமுக்காளத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டென்று எனக்குத் தெரியவில்லை. அந்த விரலைப் பார்த்துப் பார்த்து நானும் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன், மெதுவாக, கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி.